ஆடிக்கூழும் பனங்கட்டியும்
ஊர்வாழ்வின் இன்பம் பற்றிய எழுத்துக்கள் குறித்து ஒரு நோக்கு

ஆடி பிறந்தால் நமது பத்திரிகைகளிலும், ஊர்ச்சங்கங்கள் வெளியிடும் மலர்களிலும், கடல் கடந்த நாடுகளில் அச்சாகும் நினைவு நூல்களிலும் ஒருவகைக் கட்டுரை தவறாது இடம்பெறுகின்றது. கட்டுரையாளர் தாம் பிறந்த யாழ்ப்பாணத்து ஊரை நினைக்கிறார். கூழின் மணத்தை நினைக்கிறார். அங்கிருந்து சித்திரை வருடப்பிறப்பின் ஊஞ்சலுக்கும் போர்த்தேங்காய்க்கும், மார்கழி விடியற்காலையில் கேட்கும் சங்குக்கும் சேமக்கலத்துக்கும், தைப்பொங்கலுக்கும், கோயிற் கொடியேற்றத்துக்கும் அவர் மனம் தாவிச் செல்கின்றது. ஈற்றில் ஒரு பெருமூச்சு: அந்தக் காலம் போய்விட்டது, ஊர் ஒரு குடும்பம்போல இருந்தது, இன்று அது இல்லை.

இவ்வகைக் கட்டுரைகளை எள்ளி நகையாடுவது எளிது. முற்போக்கு அணியைச் சேர்ந்தோர் சிலர் அதனைச் செய்தும் இருக்கின்றனர். நாம் அதற்கு உடன்படோம். ஒரு மக்கட் கூட்டம் தன் வாழ்வின் இனிமையான பகுதியை நினைவில் வைத்திருப்பது குற்றமன்று. அதை எழுதிவைப்பது இலக்கியத்தின் கடமைகளுள் ஒன்றுமாகும். ஆயின், எழுதப்படும் இன்பம் முழுமையாக எழுதப்படுகிறதா, அதை ஆக்கியவர் யாவர், அனுபவித்தவர் யாவர் என்ற வினாக்களைக் கேட்பதும் விமர்சனத்தின் கடமையே. இக்கட்டுரையில் நாம் செய்ய முனைவது அதுவே.

முதலில், அந்த இன்பம் மெய்யானது என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவோம். யாழ்ப்பாணக் குடாநாடு ஆறு பாயும் நாடன்று. சுண்ணாம்புக் கல்லைத் தோண்டி எடுத்த கிணறே அதன் உயிர். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றுக் கொண்டுவரும் மாரியே ஆண்டின் பெரும்பகுதி நீரைத் தருகின்றது. ஆவணியிலும் புரட்டாதியிலும் விதைத்த நெல், வானத்தை நம்பியே வளர்ந்து, தையிலும் மாசியிலும் அறுவடையாகும். மாரி பொய்த்தால் வயல் பொய்த்தது. இத்தகைய மண்ணில் ஒரு குடும்பம் தனித்து நின்று வாழ்தல் அரிது. மாரிக்கு முன் கூரை வேயவேண்டும். கோடையில் வேலி அடைக்கவேண்டும். துலாவில் ஒருவர் ஏறி மிதிக்க, கீழே ஒருவர் பட்டையைப் பிடித்து இறைக்க, வாய்க்காலில் ஒருவர் நின்று தண்ணீரை மாறவேண்டும். ஒருவரால் முடியாத வேலை பலரைக் கூட்டிற்று. இன்று உன் வளவு, நாளை என் வளவு என்ற முறை அவ்வாறு தோன்றியது. கூடிய இடத்தில் உணவு சமைத்தனர். உணவு சமைத்த இடத்தில் பேச்சும் பாட்டும் பிறந்தன. கொண்டாட்டம் என்பது வேலைக்குப் புறம்பாக வானத்திலிருந்து இறங்கிய ஒன்றன்று. வேலையின் வயிற்றிலிருந்தே அது பிறந்தது.

பருவந்தோறும் வரும் சுவைகளும் அவ்வாறே. சித்திரை, வைகாசியில் நுங்கு; ஆடி, ஆவணியில் பனம்பழம்; அதன் களியை ஊற்றிக் காயவைத்த பனாட்டு; விதையைப் பாத்தியிட்டு மாரிக்குப் பின் கிண்டியெடுத்த கிழங்கு; அதை உலர்த்திய ஒடியலும், அவித்து உலர்த்திய புழுக்கொடியலும். தைப்பூசத்தன்று புதிரெடுத்துச் சமைத்த புத்தரிசிச் சோறு. சூடு மிதித்து ஓய்ந்த வயல்வெளியில் விடியும்வரை நடந்த நாட்டுக்கூத்து. பற்றாக்குறை நிறைந்த ஒரு மண்ணில், ஒவ்வொரு பொருளும் அதற்குரிய மாதத்திலேயே வந்தமையால், ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு முகம் இருந்தது. ஆண்டு முழுவதும் எல்லாம் கிடைக்கும் கடையில் இந்த முகத்தைக் காண இயலாது. நினைவுக் கட்டுரையாளர் இழந்ததாகக் கூறுவது இந்த முகத்தையே. அவர் பொய் சொல்லவில்லை.

ஆனால் அவருடைய வாக்கியங்களை ஊன்றி நோக்குவோம். “கூரை வேயப்படும்.” “வேலி அடைக்கப்படும்.” “பனங்கட்டி வந்து சேரும்.” “நாதசுரம் ஒலிக்கும்.” “தேர் அசைந்து வரும்.” இத்தகைய வாக்கியங்களே இவ்வகைக் கட்டுரைகள் எங்கும் விரவிக் கிடக்கின்றன. வினை உண்டு, வினைசெய்தவரைக் காணோம். கூரை தானே வேய்ந்துகொள்கின்றது. பனங்கட்டிக்குக் கால் முளைத்துப் படலையைத் தாண்டி வருகின்றது. எழுவாய் எங்கே போயிற்று? இலக்கண நூலார் தோன்றா எழுவாய் என்று ஒன்றைக் கூறுவர். நமது ஊர்நினைவு இலக்கியத்தில் ஒரு சமுதாயத்தின் பாதியே தோன்றா எழுவாயாகிவிட்டது. இதனை நாம் தற்செயல் என்று கருதவில்லை.

இங்கு நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் ஆடிப்பிறப்புப் பாட்டை எடுத்துக்கொள்வோம். 1953ஆம் ஆண்டு மறைந்த அப்புலவர் குழந்தைகளுக்காகப் பாடிய பாடல்களுள் இதுவே மிகப் பரவலாக அறியப்பட்டது. ஈழத்துத் தமிழ்ப் பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக இதை மனனஞ் செய்துள்ளனர். நாளை பள்ளிக்கூடம் இல்லை என்ற பிள்ளையின் குதூகலத்தில் தொடங்கி, கூழும் கொழுக்கட்டையும் ஆக்கும் முறையை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லிச் செல்லும் பாட்டு அது. அதன் வினைச்சொற்களைக் கவனித்தால் வறுத்தல், குத்துதல், இடித்தல், தெள்ளுதல், உடைத்தல், துருவுதல், பிழிதல், துழாவுதல் என்று ஓர் அடுக்களையின் உழைப்பு முழுவதும் அங்கே நிரல்பட நிற்கின்றது. அந்த உழைப்புக்குரிய தாயும் பாட்டிலே நிற்கிறாள். இவ்வளவில் அப்பாட்டு பின்வந்த வளர்ந்தோரின் கட்டுரைகள் பலவற்றைவிட நேர்மையானது. கூழ் தானாக வந்ததாக அது கூறவில்லை. கூழ் காய்ச்சியவளைப் பிள்ளை பார்த்துக்கொண்டே இருக்கின்றது.

அதே பாட்டில் பனங்கட்டியும் வருகின்றது. ஆனால் பனை ஏறியவர் வரவில்லை. இதற்காகப் புலவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது அறிவீனம். அது பிள்ளையின் பாட்டு. அடுக்களை வாசலில் குந்தியிருக்கும் பிள்ளையின் கண்ணுக்குப் பனையின் உச்சி தெரியாது. தாயின் கையே தெரியும். பாட்டு அந்தக் கண்ணின் எல்லைக்கு உண்மையாக இருக்கின்றது. அதுவே அதன் அழகு. பிழை எங்கே நேர்கிறதெனில், ஐம்பதும் அறுபதும் வயதான பின்னரும் அதே வாசலில் குந்தியிருந்து, அதே கண்ணால் ஊரைப் பார்த்து, அதையே ஊரின் வரலாறு என்று எழுதுமிடத்தில் நேர்கின்றது. பிள்ளை பாராதது அறியாமை. வளர்ந்தவர் பாராதது வேறு.

பனங்கட்டியின் கதையை வளர்ந்தவர் கண்ணாற் பார்ப்போம். கோடைகாலம் முழுவதும் காலையும் மாலையுமாகத் தளைநாரைக் காலில் மாட்டி, பாளைக்கத்தியை இடுப்பிற் செருகி, ஒருவர் பல பனைகளில் ஏறி இறங்குகிறார். சுண்ணாம்பு தடவிய முட்டியில் கருப்பணி இறக்குகிறார். அவர் வீட்டுப் பெண்கள் அதை அடுப்பிற் காய்ச்சிப் பதம் பார்த்துக் கட்டியாக்கிப் பனையோலைக் குட்டானில் வார்க்கின்றனர். ஒரு நாள் கால் தவறினால் அந்த வீட்டின் அடுப்பு அணைந்தது. அந்தக் குட்டான் பெரிய வீட்டின் முன்வாசலால் உள்ளே போயிற்று. அதைக் கொண்டுவந்தவர் கோடிப்புறத்தில் நின்றார். ஆடிப்பிறப்பன்று அவருக்கும் கூழ் கிடைத்தது, பந்தியில் அன்று, கோடியில், பிளாவில், மேலிருந்து வார்க்கப்பட்டது. பனையோலையைக் கோலிச் செய்த பிளாவில் கூழ் குடிப்பதன் சுவையைப் பற்றி நமது கட்டுரையாளர்கள் உருகி எழுதுகின்றனர். ஓலையின் மணம் கூழுக்கு ஒரு சுவையைச் சேர்ப்பது உண்மையே. அதே பிளா, அதே சிரட்டை, தேநீர்க் கடையின் தனிப் பேணி ஆகியவை ஒரு மனிதனின் வாய் பட்ட பாத்திரத்தை இன்னொரு மனிதன் தொடாதிருப்பதற்காகவும் பயன்பட்டன என்பதும் உண்மையே. ஓலை ஒன்றுதான். அதை விரும்பிப் பிடித்தவர் கையும், வேறு வழியின்றி ஏந்தியவர் கையும் ஒன்றல்ல.

மாரியின் இன்பத்தையும் இவ்வாறே நோக்கலாம். நாற்சார் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டு, தாழ்வாரத்தால் வழியும் நீரில் கடதாசித் தோணி விடுவது இனிய அனுபவம். பள்ளக் காணியின் ஓரத்தில் குடிசை போட்டவருக்கு அந்த நீரே இரவில் பாய்க்குள் வந்தது. கோடையில் நிலை தலைகீழாயிற்று. சொந்தக் கிணறு இல்லாதோர் பிறர் கிணற்றடியில் குடத்தை வைத்துவிட்டு, அள்ளி வார்ப்பதற்கு ஒருவர் வருவாரா என்று காத்துநின்றனர். கிணற்றைத் தோண்டிய கை கிணற்றில் வாளி போடக்கூடாது என்பது விதி. பருவம் எல்லோருக்கும் பொது என்பர். மழை எல்லோர்மீதும் பெய்தது. கூரை எல்லோருக்கும் இருக்கவில்லை.

இந்த நிலை நேற்று முளைத்ததன்று. ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட தேசவழமையில் அடிமைகள் பற்றிய பிரிவு இருந்தது. இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1844ஆம் ஆண்டிலேயே. சட்டம் ஒழித்த பின்னரும் குடிமை என்ற பெயரில் வழக்கம் நீடித்தது. நமது கட்டுரையாளர்கள் “அன்பால் பிணைந்த உறவு” என்று வருணிக்கும் பல உறவுகளின் பிறப்புப் பத்திரம் அங்கேதான் இருக்கின்றது. அன்பு இருந்திருக்கலாம்; தனி மனிதரிடையே இருக்கவே செய்தது. ஆனால் ஒரு பக்கத்தார் மறுக்க இயலாத உறவை அன்பு என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது.

பழைய இலக்கியம் உழைப்போரைக் காணவேயில்லை என்றும் சொல்லிவிட இயலாது. பள்ளுப் பிரபந்தத்தை இங்கு நினைத்தல் தகும். ஈழத்திலும் கதிரைமலைப் பள்ளு, பறாளை விநாயகர் பள்ளு முதலிய நூல்கள் எழுந்தன. மழைக்குறி பார்த்தல், வெள்ளம் வருதல், விதைநெல் வகை, மாட்டின் வகை, ஏரின் உறுப்பு, உழவு, நடவு, அறுவடை என்று வேளாண்மைப் பருவச் சுழற்சி முழுவதையும் அந்த நூல்வகை அடக்கியுள்ளது. அங்கே வினைக்கு எழுவாய் உண்டு. பள்ளனும் பள்ளியருமே அந்த எழுவாய். நெல்லின் பெயர்களையும் மாட்டின் குணங்களையும் அறிந்தவன் பண்ணைக்காரன் அல்லன், பள்ளனே என்பதைப் புலவர்கள் அறிந்திருந்தனர். ஆயினும் அவனுக்கு அளித்த இடம் யாது? சக்களத்திச் சண்டையில் அகப்பட்ட நகைப்புக்குரிய மாந்தன் என்ற இடமே. பண்ணைக்காரன் அவனைத் தொழுவில் மாட்டுவதும் அந்தப் பிரபந்தத்தின் மாறா உறுப்புக்களுள் ஒன்று. கேட்போர் சிரித்தனர். அறுவடைப் பாட்டின் நடுவே ஒரு மனிதனின் கால் மரத்தில் மாட்டப்பட்டிருப்பதை ஒரு சுவையாகவே கொண்டனர். பள்ளு உழைப்பாளியைக் காட்டிற்று; அவன் வலியைக் காட்டவில்லை. பின்வந்த நினைவுக் கட்டுரை அவனையே காட்டாது விட்டது. இவற்றுள் எது வளர்ச்சி, எது தேய்வு என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும்.

இது தமிழருக்கு மட்டும் உரிய குறையுமன்று. ஆங்கில இலக்கியத்தில் கோல்ட்ஸ்மித் 1770ஆம் ஆண்டில் கைவிடப்பட்ட ஒரு கிராமத்தின் பழைய இன்பங்களைப் பாடினார். செல்வர் நிலத்தை வளைத்துக்கொள்ள ஊர் வெறிச்சோடியது என்ற உண்மையான துயரம் அப்பாட்டில் உண்டு. 1783ஆம் ஆண்டில் கிறாப் என்ற கவிஞர், கிராமத்தைப் பாடுவோர் அங்கு வேலை செய்வோரின் நோயையும் பசியையும் மறைத்து மெருகிடுகின்றனர் என்று கடுமையாக மறுத்துப் பாடினார். அதற்கு நாற்பத்துச் சொச்சம் ஆண்டுகளின் பின், கூலி விவசாயி ஒருவரின் மகனான ஜோன் கிளயர், மாதம் மாதமாக ஊர்வாழ்வைப் பாடிய நூலொன்றை 1827ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் பாடலில் வேலையும் உண்டு, களிப்பும் உண்டு. வேலை செய்தவரே களித்தவர் ஆதலால் ஒன்றுக்காக மற்றதை மறைக்கவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை. றேமண்ட் வில்லியம்ஸ் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட, நாட்டுப்புறமும் நகரமும் பற்றிய ஆய்வு நூலில் ஒரு விந்தையைச் சுட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தனக்குச் சற்று முன்னேதான் பொற்காலம் இருந்தது என்கின்றது. அந்த முன்னோரைக் கேட்டால் அவர்களும் தமக்கு முன்னே என்கின்றனர். பொற்காலம் பின்னே பின்னே நகர்ந்துகொண்டே போகின்றது. நமது ஊர்மலர்களைக் கால வரிசையில் அடுக்கி வாசிப்போர் இதே விந்தையைக் காண்பர்.

நமது நாட்டில் கிறாப்பின் வேலையைச் செய்தோர் முற்போக்கு எழுத்தாளர்கள். 1965ஆம் ஆண்டில் வெளிவந்த செ. கணேசலிங்கனின் ‘நீண்ட பயண’மும், 1972ஆம் ஆண்டில் வெளிவந்த கே. டானியலின் ‘பஞ்சம’ரும் யாழ்ப்பாணக் கிராமத்தைக் கோடிப்புறத்திலிருந்து பார்த்த நாவல்கள். மறைந்திருந்த எழுவாய்கள் அங்கே பெயரும் முகமும் பெற்றன. அந்நாவல்கள் வெளிவராதிருந்தால், ஊர் ஒரு குடும்பம் என்ற கூற்றை மறுப்பதற்கு நமது இலக்கியத்தில் சான்றே இல்லாது போயிருக்கும். இதனை எவ்வளவு வலியுறுத்தினும் தகும்.

ஆயின் நம்மவரின் குறையையும் நாம் சொல்லியாகவேண்டும். இவர்களைப் பின்பற்றி எழுந்த சிறுகதைகள் பலவற்றில் மாதமே இல்லை. மாரியும் கோடையும் இல்லை. பனம்பழத்தின் மணம் இல்லை. ஊர் ஒரு நீதிமன்றம்போலக் காட்சியளிக்கின்றது; வாதி ஒருபுறம், பிரதிவாதி மறுபுறம். ஒடுக்கப்பட்டவர் அங்கே துன்பப்படுவதற்காகவே பிறந்தவராய் நிற்கின்றார். அவர் சிரிக்கவில்லை, பாடவில்லை, சூடு மிதித்த களத்தில் விடியும்வரை காத்தவராயன் கூத்துப் பார்க்கவில்லை. மெய்யான வாழ்வில் அவர் இவை அனைத்தையும் செய்தார். கூத்தை ஆடியவரும், பறையை முழக்கியவரும், நாதசுரம் வாசித்தவரும், தேரின் சில்லுக்குக் கட்டை போட்டவரும் அவரும் அவர்போன்றோருமே. விழாவின் ஒலியையும் ஒளியையும் ஆக்கியவரை விழாவின் இன்பத்திலிருந்து நீக்கி எழுதும்போது, நினைவுக் கட்டுரையாளர் செய்த பிழையையே நாம் மறுபுறமாகச் செய்கின்றோம். அவர் உழைப்பை நீக்கி இன்பத்தை வைத்தார். நாம் இன்பத்தை நீக்கித் துன்பத்தை வைத்தோம். இரண்டிலும் முழு மனிதன் இல்லை.

இந்த இரு பிழைகளையும் கடந்து நிற்கும் ஆக்கமாக நாம் மஹாகவியின் ‘தேரும் திங்களும்’ என்ற கவிதையைக் கருதுகின்றோம். அளவெட்டியிற் பிறந்து 1971ஆம் ஆண்டில் மறைந்த அக்கவிஞர், ஊர்வாழ்வின் இனிமையை யாருக்கும் குறையாத காதலோடு பாடியவர். நாதசுரக் கலைஞர் ஒருவரின் குடும்பத்தை நடுவில் வைத்து ‘கோடை’ என்ற பாநாடகத்தையும் அவர் எழுதியுள்ளார். விழாவின் இசையைக் கேட்பதோடு நில்லாது, அதை வாசிப்பவரின் வீட்டுக்குள்ளும் சென்று பார்த்தவர் அவர். ‘தேரும் திங்களும்’ ஒரு தேர்த்திருவிழாவின் உற்சாகத்தோடு தொடங்குகின்றது. ஊர் முழுவதும் கூடியிருக்கின்றது. வடம் பிடிக்க எல்லோரையும் அழைக்கும் குரல் கேட்கின்றது. அவ்வாறு அழைத்துக்கொண்டே ஆசையோடு ஒருவன் வருகிறான். சாதியைக் காட்டி அவனைத் தடுக்கின்றனர். கல்லெறியும் கலவரமும் மூளுகின்றன. தேர் நின்ற இடத்தில் நின்றுவிடுகின்றது. மனிதன் சந்திரனைத் தொட்டுவிட்ட காலத்தில் இது நிகழ்கின்றது என்பதைக் கவிஞர் காட்டி முடிக்கின்றார்.

இக்கவிதையைச் சாதிக்கொடுமையைக் கண்டிக்கும் கவிதை என்று கூறி முடித்துவிடுவது வழக்கம். அது சரியே, ஆனால் போதாது. கவிதையின் வலிமை அதன் தொடக்கத்திலே இருக்கின்றது. அந்த உற்சாகம் போலியன்று. கவிஞர் தேரை எள்ளவில்லை. வடம் பிடிக்க வந்தவனும் எள்ளவில்லை; அவன் தேரை உடைக்க வரவில்லை, இழுக்க வந்தான். ஊரோடு கூடி ஒரு பாரமான பொருளை ஒரே மூச்சில் நகர்த்துவதில் உள்ள மகிழ்ச்சி அவனுக்கும் வேண்டியிருந்தது. அந்த மகிழ்ச்சி வெறும் மாயை என்றால், அதை மறுத்தது கொடுமையாகாது. அது மெய்யானது, விலைமதிப்புள்ளது, மனிதனுக்கு உணவுபோல் வேண்டியது. ஆகவேதான் அதை மறுத்தது கொடுமை. ஊர்வாழ்வின் இன்பத்தையும் ஊர்வாழ்வின் அநீதியையும் ஒரே காட்சியில் வைத்து, ஒன்றாலே மற்றதை அளந்து காட்டியமை இக்கவிதையின் சாதனை. யார் வராததனால் தேர் நின்றது என்றல்ல, யாரை வரவிடாததனால் தேர் நின்றது என்று அது கேட்கின்றது.

வரலாறும் இதையே கூறுகின்றது. 1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிற்று. கோயில், கடை முதலிய பொதுவிடங்களில் சாதி காரணமாக ஒருவரைத் தடுப்பது குற்றமாயிற்று. சட்டம் ஏட்டில் இருந்தது. 1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஊர்வலம் புறப்பட்டது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தேநீர்க் கடைகளிலும் கோயில்களிலும் போராட்டங்கள் நடந்தன. 1968ஆம் ஆண்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில் ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றனர். அக்கோயிலின் பெருவிழா ஆடி அமாவாசையன்று கீரிமலைத் தீர்த்தத்தோடு நிறைவுறுவது. நினைவுக் கட்டுரைகளில் கூழ் மணக்கும் அதே ஆடியைச் சார்ந்த திருவிழாவின் வாசல் அது. அங்கே நின்றவர் கேட்டது என்ன? நிலப் பங்கீட்டையோ கூலியுயர்வையோ அவர்கள் அந்த வாசலில் கேட்கவில்லை. கடையிலே மற்றவர் குடிக்கும் பேணியில் தேநீர் குடிக்கவும், விழாவிலே மற்றவர் நிற்கும் இடத்தில் நிற்கவும் கேட்டனர். ஊரின் இன்பத்தில் பங்கு கேட்டனர். அது சிறிய கோரிக்கை என்று அக்காலத்தில் இடதுசாரிகள் சிலரும் கருதினர். கூடிவாழும் மகிழ்ச்சியை உரிமை என்று கோருவது வயிற்றுக்குச் சோறு கோருவதிலும் தாழ்ந்ததன்று என்பதே நமது எண்ணம். வேலையில் எல்லோரும் கூடினர். விழாவில் மட்டும் சிலர் விலகி நிற்கவேண்டும் என்ற முறைமீது விழுந்த அடி அது.

இதன் பின் நிகழ்ந்தவற்றை வாசகர் அறிவர். 1990ஆம் ஆண்டு நடுப்பகுதியில் வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறினர். மாவிட்டபுரமும் கீரிமலையும் உள்ளிட்ட அந்நிலம் நெடுங்காலம் உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில், வடமாகாண முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமம் முழுவதும் ஓரிரவில் பெயர்ந்தது. பல்லாயிரவர் கடல் கடந்தனர். ஊரின் இன்பம் பற்றிய எழுத்து பெருகியதும் இதன் பின்னரே. பனி பெய்யும் நாட்டில், பனங்கட்டியைக் கடையில் வாங்கி, ஆடிமாதத்து முதற் சனிக்கிழமையில் கூழ் காய்ச்சும் தாயைப் பார்த்துச் சிரிக்க நமக்கு மனம் வராது. வீட்டைப் பறிகொடுத்தவர் வீட்டின் வாசனையை எழுதுவது, பறித்தவருக்கு எதிரான ஒரு சாட்சியமுமாகும்.

சாட்சியம் என்பதனாலேயே அது முழுமையாக இருக்கவேண்டும். ‘எங்கள் ஊர்’ என்று எழுதும்போது அந்த ‘எங்கள்’ என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குகின்றனர்? யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவிலே தலைமுறைகளாக வாழ்ந்து, இரண்டு மணி நேர அவகாசத்தில் துரத்தப்பட்டவருக்கும் அது எங்கள் ஊர்தான். அவர்களுடைய பெருநாளும் அந்த ஊரின் பருவங்களுள் ஒன்றுதான். நமது மலர்களில் அவர்களுக்கு எத்தனை பக்கம் ஒதுக்கினோம்? வலிகாமம் வடக்கில் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டபோது, உறுதி வைத்திருந்தோர் திரும்பிச் சென்று வேலியிட்டனர். பிறர் காணியில் குடியிருந்த காணியற்றோருக்குத் திரும்புவதற்கு ஒரு படலை இருக்கவில்லை. அவர்கள் முகாம்களிலும் வாடகைக் குடிசைகளிலும் மேலும் பல மாரிகளைக் கழித்தனர். பழைய ஊரின் அமைப்பு, ஊர் அழிந்த பின்னரும், யார் திரும்பலாம் யார் திரும்பமுடியாது என்பதைத் தீர்மானித்துக்கொண்டிருந்தது. நினைவுக் கட்டுரையில் விடுபட்ட அதே எழுவாய், காணிப் பதிவேட்டிலும் விடுபட்டிருந்தது. ஆகவே இது வெறும் இலக்கிய விவகாரம் என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஊர் எப்படி இருந்தது என்று நாம் எழுதும் விதம், ஊர் எப்படி மீளக் கட்டப்படும் என்பதில் ஒரு கல்லாக வந்து சேர்கின்றது. குடும்பம்போல வாழ்ந்தோம் என்று மட்டும் எழுதினால், பழையதை அப்படியே மீட்பதே போதும் என்று ஆகிவிடும்.

அவ்வாறெனில் எழுத்தாளர் செய்யவேண்டியது என்ன? ஊரின் இன்பத்தை எழுதுவதை நிறுத்தவேண்டுமென்று நாம் கூறவில்லை. மேலும் எழுதவேண்டும், இன்னும் நுணுக்கமாக எழுதவேண்டும். நுணுக்கமாக எழுதும்போது உண்மை தானே வரும். கூரையைப் பற்றி எழுதுவோர், ஓலை எந்த மாதத்தில் வெட்டப்பட்டது, யார் வெட்டினார், யார் மேலே ஏறிக் கட்டினார், அன்று அவருக்கு எங்கே, எந்தப் பாத்திரத்தில் சோறு போடப்பட்டது என்பதையும் எழுதட்டும். திருவிழாவைப் பற்றி எழுதுவோர் நாதசுரக்காரரின் பெயரையும், அவர் எந்த வாசலால் வந்தார் என்பதையும் எழுதட்டும். கோடிப்புறத்தில் நின்றோரின் பிள்ளைகளும் தங்கள் ஆடிப்பிறப்பை எழுதட்டும். அவர்கள் வீட்டுக் கூழிலும் மணம் இருந்தது, அவர்கள் முற்றத்திலும் ஊஞ்சல் ஆடிற்று. துன்பத்தை மட்டும் அவர்களிடம் எதிர்பார்ப்பதும் ஒருவகைத் தீண்டாமையே. ஒவ்வொரு வினைக்கும் அதன் எழுவாயை மீட்டுக் கொடுத்தால், நமது ஊர்நினைவு இலக்கியம் பெருமூச்சாக நில்லாது வரலாறாகும்.

சோமசுந்தரப் புலவரின் பாட்டில் பிள்ளை தாயின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் பார்வை நல்ல தொடக்கம். கூழ் தன் வாய்க்கு எவ்வழியாக வந்தது என்பதை அறியும் ஆவல் அந்தப் பார்வையில் இருக்கின்றது. அந்த ஆவலை நாம் அடுக்களை வாசலோடு நிறுத்திவிட்டோம். அதைப் படலைக்கு வெளியே, ஒழுங்கையைத் தாண்டி, பனந்தோப்புவரை கொண்டு செல்வது வளர்ந்தோரின் வேலை. அடுத்த ஆடிக்கு மலர் தொகுப்போர், கூழ் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்தில், பனை ஏறிய வீட்டிலிருந்து வரும் ஒரு கட்டுரைக்கும் இடம் விடுவார்களாயின், இக்கட்டுரை எழுதப்பட்டதன் பயன் நிறைவேறியதாகக் கொள்வோம்.